மிரிஸ்ஸா: திமிங்கலம் காணும் மீனவ ஊர்

மிரிஸ்ஸா இலங்கையின் தென் மாகாணத்தில், மாத்தறை மாவட்டத்தில் உள்ள மீனவ ஊர் ஆகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், நீலத் திமிங்கலத்தைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் இங்கு வருகின்றனர்.

கரைக்கு அருகே ஆழ்கடல்

உலகில் தோன்றிய விலங்குகளிலேயே மிகப் பெரியது நீலத் திமிங்கலம். அது மீனன்று, பாலூட்டி. மூச்சு விட மேலே வரும்போது எழும் நீராவித் தூண் தொலைவிலிருந்தே தெரியும்.

இலங்கையின் தெற்கில் கண்டத்திட்டு மிகக் குறுகியது. கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே பேராழம் தொடங்கிவிடுகிறது. அங்குச் சத்து மிகுந்த நீர் மேலெழுவதால் சிற்றிறால்கள் பெருகுகின்றன. அவையே திமிங்கலத்தின் இரை. பிற நீலத் திமிங்கலங்கள் பெரும்பாலும் குளிர்ந்த கடல்களில் இரை உண்பவை. இலங்கைக் கடலில் காணப்படுபவை ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன. 2003-இல் இவை இங்கே இரை உண்பதைக் கண்ட இலங்கை உயிரியலாளர் ஆஷா டி வோஸ், பின்னர் இவற்றைத் தம் ஆய்வுப் பொருளாக்கிக் கொண்டார்.

வேட்டையும் ஆய்வும்

1960-களில் சோவியத் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் 1,200-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றன. 1979-இல் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தது. அதன் பயனாக 1982 முதல் 1984 வரை ஹால் வைட்ஹெட் குழுவினர் ‘டியூலிப்’ என்னும் பாய்மரப் படகில் ஆய்வு செய்தனர். திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கலங்கள் கரையருகே வருவது உலகின் கவனத்தைப் பெற்றது. ஆனால் 1983-இல் மூண்ட போரால் கிழக்குக் கடல் பயணிகளுக்கு எட்டாததாயிற்று.

சுற்றுலாவின் தொடக்கம்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தென்கரை மீனவரின் வாழ்வைக் குலைத்தது. மறு ஆண்டு சார்லஸ் ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர், திமிங்கலங்கள் அரபிக்கடலுக்கும் வங்கக்கடலுக்கும் இடையே இலங்கையின் தென்கரை வழியாகச் சென்று திரும்புகின்றன என்ற கருத்தை வெளியிட்டார். 2008 அளவில் மிரிஸ்ஸாவில் திமிங்கலச் சுற்றுலா வளரத் தொடங்கியது. 2009-இல் போர் முடிந்தபின் பயணிகள் பெருகினர். கடலின் போக்கு அறிந்த மீனவர் பலருக்குப் படகோட்டும் வேலை கிடைத்தது. வருமானத்தோடு நெரிசலும் வந்தது. ஒரே திமிங்கலத்தைப் பல படகுகள் சூழ்ந்தன. எனவே 2012-இல் அரசு, படகுகள் விலகி நிற்க வேண்டிய தூரத்தை விதியாக்கியது.

கப்பல் வழி

படகுகளை விடப் பேராபத்து, தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் கப்பல் வழி. உலகின் நெரிசல் மிக்க கடல்வழிகளுள் ஒன்றான அது, திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடாகவே செல்கிறது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த சரக்குக் கப்பலொன்றின் முகப்பில், இறந்த நீலத் திமிங்கலம் ஒன்று தொங்கியது.

கப்பல் வழியை 15 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர், தெற்கே நகர்த்தினால் மோதல் ஆபத்து 95 விழுக்காடு வரை குறையும் என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். 2022-இல் எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களை அவ்வாறு விலக்கியது. எல்லாக் கப்பல்களும் விலக வேண்டுமானால், இலங்கை அரசு முன்மொழிந்து பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்க வேண்டும். திமிங்கலத்தின் உயிரோடு, அதை நம்பியிருக்கும் மிரிஸ்ஸா மக்களின் பிழைப்பும் அந்த முடிவைச் சார்ந்துள்ளது.