தோட்டத்துப் பேரேடுகளும் பல்கலைக்கழகச் சுவடிக்கூடமும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையிலே, தும்பறைப் பகுதியில் அமைந்துள்ள சிறு பட்டினம் வத்தேகம. அப்பாதை திறக்கப்பட்டது 1880ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். எஞ்சியோர் மாத்தளையிலிருந்து கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். வத்தேகமவுக்கு அப்பாலுள்ள பன்விலை, மடுல்கலை, எல்கடுவை மலைச்சரிவுகளில் இன்று காணப்படும் தேயிலைக்கு முன்னோடி அவர்கள் நட்ட கோப்பியே. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியதேயன்றி உழைத்த மக்கள் மாறவில்லை.

இம்மக்கள் யாவர், எவ்வூரினர், எந்த ஆண்டில் எவருடன் வந்தனர் என்ற வினாவை எழுப்பினால், விடை பகரத்தக்க பொதுப்பதிவேடு ஒன்றேனும் இல்லை. இது தற்செயலாக நேர்ந்ததன்று. அதற்கான காரணத்தை ஆராய்ந்தால், இம்மக்களின் வரலாற்றை எங்கே தேட வேண்டும், எவ்வாறு காக்க வேண்டும் என்பதும் தானே புலப்படும்.

இந்தியத் தொழிலாளர் சென்ற பிற நாடுகளின் நிலையை முதலில் நோக்குவோம். மொறீசியஸ் தீவுக்கு 1834 முதல் ஒப்பந்த முறையில் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் அனுப்பப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கப்பட்டது. பெயர், வயது, தந்தை பெயர், ஊர், வந்த கப்பல் என்பன பதியப்பட்டன. பிற்காலத்தில் நிழற்படமும் சேர்க்கப்பட்டது. அப்பதிவேடுகள் இன்று மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் என்ற உயர்கல்வி நிலையத்தின் பொறுப்பில் உள்ளன. தம் பாட்டன் பூட்டனின் ஊரை அறிய விரும்பும் மொறீசியஸ் நாட்டவர் அங்கு சென்று விண்ணப்பிக்கின்றனர். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற 1,52,184 பேரின் பெயர்களும் கப்பற் பட்டியல்களில் உள்ளன. அங்கு முதலிற் சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. பிஜித் தீவுகளுக்குச் சென்ற அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பத்திரங்களும் அவ்வாறே பேணப்பட்டுள்ளன.

இலங்கைக்கு வந்தோர் நிலை வேறு. இங்கு ஆட்சேர்ப்பு பெரும்பாலும் கங்காணி முறையிலேயே நடைபெற்றது. கங்காணி தன் ஊருக்குச் சென்று, உற்றாரையும் அயலாரையும் திரட்டி, வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்து அழைத்து வந்தான். அம்முற்பணம் கடனாகத் தொழிலாளியின் தலையிற் சுமத்தப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போவதற்கும் அக்கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ வேண்டியிருந்தது. 1921இலேதான் அத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1901இல் புகுத்தப்பட்ட தகரச்சீட்டோ தோட்டத்தின் இலக்கத்தைக் காட்டியது. அதை அணிந்தவனின் பெயரைக் காட்டவில்லை. அரசாங்க அறிக்கைகளிலே தலைகளின் எண்ணிக்கை உண்டு. ஆட்களின் பெயர்களோ பெரும்பாலும் தோட்டத்துக் காரியாலயத்தின் ஏடுகளிலேயே தங்கிவிட்டன. ஆகவே, மொறீசியஸில் ஓரிடத்திற் குவிந்துள்ள செய்தி இலங்கையில் நூற்றுக்கணக்கான தோட்டங்களிற் சிதறிக் கிடக்கிறது. ஒரு தோட்டத்தின் ஏடுகள் அழியுமாயின், அத்தோட்டத்து மக்களின் வரலாற்றில் ஒரு பகுதி மீளாது அழிந்துவிடும். வேறோரிடத்தில் அதற்குப் பிரதி இராது.

அவ்வேடுகள் எத்தகையன? முதன்மையானது செக்ரோல் எனப்படும் நாட்சம்பளப் பேரேடு. விடியற்காலையிற் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி, மாலையிற் கணக்கப்பிள்ளை பேர் போடுவார். முழு நாள் உழைத்தவருக்குப் பேர். குறைய உழைத்ததாகக் கருதப்பட்டவருக்கு அரைப்பேர். அரிசிக்காகக் கழித்ததும் முற்பணத்துக்காகக் கழித்ததும் அதே வரிசையில் வரும். இதனுடன் பிறப்பு இறப்புக் குறிப்புகள், மருந்துச்சாலைப் புத்தகங்கள், அரிசிக் கணக்கு, துரைமாரின் கடிதப் பிரதிகள், லயங்களைக் காட்டும் வரைபடங்கள் முதலியனவும் உள்ளன. இவை யாவும் முதலாளியின் தேவைக்காக முதலாளியின் ஆட்களால் எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது. எனினும், கூலியைக் குறைப்பதற்காக எழுதப்பட்ட அரைப்பேரே, ஒரு பெண் தொழிலாளி அன்று அம்மலையில் உழைத்தாள் என்பதற்கு இன்று எஞ்சியுள்ள சான்றாகவும் அமைந்துவிடுகிறது.

இச்சான்றின் பெறுமதி ஏட்டறிவோடு நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டுமென விதித்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன; குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எழுத்தறியாத ஒருவர் தாம் பத்தாண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்ததை எதைக்கொண்டு நிறுவுவார்? அவர் கையில் ஏடு இல்லை. ஏடு தோட்டத்துக் காரியாலயத்தில் இருந்தது. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் அவ்வொக்டோபர் நாள் முதல் இங்கு வாழ்ந்தோருக்கும் அவர் வழியினருக்குமே குடியுரிமை வழங்கியது. ஒரு நாளில் ஒருவர் ஓரிடத்தில் இருந்தார் என்ற சிறு செய்தியின்மேல் ஒரு குடும்பத்தின் வாழ்வே தங்கியிருந்தது.

இத்தகைய ஏடுகள் கைமாறிய வரலாறு கவலைக்குரியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிகளையும், 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கால் நூற்றாண்டுக்குள் உடைமையும் நிருவாகமும் இவ்வாறு மாறியபொழுது, நடைமுறைக்கு வேண்டிய கணக்குகளே கவனத்தைப் பெறுதல் இயல்பு. பழையன இறாக்கைகளின் மேலும் களஞ்சிய மூலைகளிலும் ஒதுங்கும். மலைநாட்டு ஈரமும் கறையானும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தபோது, குடும்பங்கள் பெட்டிகளிற் பொத்திவைத்த பத்திரங்களும் உடன் எரிந்தன. தேசிய சுவடிகள் பற்றிய சட்டம் 1973ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டதாயினும், அதன் முதன்மையான நோக்கு அரசாங்கப் பத்திரங்களே.

ஏடுகளைப் போற்றிய இடத்தில் என்ன பயன் விளைந்தது என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகள் கரையோர மக்களின் பெயரையும் குடும்பத்தையும் காணியையும் கூறுகின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், அவர்தம் ஏடுகள் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டுக் காக்கப்பட்டன. 1943இல் யூரியான்ஸ் அம்மையார் தொகுத்த விரிவான பட்டியலும் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கரையோர விவசாயி ஒருவரின் குடும்பத்தை இன்று ஆராய முடிகிறது. இருபதாம் நூற்றாண்டின் மடுல்கலைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தை அவ்வாறு ஆராய்தல் அரிதாயிருப்பது முறையாகுமா?

ஆதலின், தோட்டத்து ஏடுகளைப் பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்துக்கு மாற்றுதல் காலத்தின் தேவையாகும். ஆயினும் மாற்றுதல் என்பது வண்டியில் ஏற்றி இறக்குவதன்று. அதற்கு இரு நெறிகள் உண்டு. அவற்றை 1898இல் முல்லர், பைத், புருயின் என்னும் ஒல்லாந்த அறிஞர் மூவர் தம் கைநூலில் வகுத்துரைத்தனர். ஒரு நிலையத்திற் பிறந்த ஏடுகளைப் பிற நிலையத்து ஏடுகளுடன் கலத்தலாகாது என்பது ஒன்று. அவை பிறந்த இடத்தில் இருந்த ஒழுங்கைக் குலைத்தலாகாது என்பது மற்றொன்று. இவற்றின் பொருத்தம் தோட்டத்து ஏடுகளில் நன்கு விளங்கும். ஓர் ஏட்டிற் காணும் இலக்கத்துக்கு வேறோர் ஏட்டிலேயே விளக்கம் இருக்கும். அழகிய தோற்பேரேடு ஒன்றை மட்டும் காட்சிப் பொருளாக எடுத்துவந்தால், அது பெயர்களின் வெறும் வரிசையாகிவிடும். அதனோடிருந்த கடிதங்களும் பிறப்புக் குறிப்புகளும் உடனிருந்தாலன்றி அதன் வாய் திறவாது.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் ஏடுகள் இருக்கும் இடத்துக்கே சென்று, எந்த அறையில், எந்த வரிசையில், எவை உள்ளன எனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் உடையவருடன் எழுத்தில் உடன்படிக்கை செய்தல் வேண்டும். ஏடுகள் நன்கொடையா, பாதுகாப்புக்கு மட்டும் ஒப்படைக்கப்பட்டவையா என்பது அதில் தெளிவாயிருத்தல் இன்றியமையாதது. இத்தெளிவின்மையே பிற்காலத்து வழக்குகளுக்கு வித்தாகும். கொணர்ந்த ஏடுகளைப் பூச்சியும் பூஞ்சணமும் பரவாதவாறு தனியறையில் வைத்துத் தூய்மை செய்தல் வேண்டும். அதன்பின் சேர்ப்புப் பதிவேட்டில் இலக்கமிட்டு, வந்த நாள், தந்தவர், தோட்டம், ஏடுகளின் தொகை, அவற்றின் ஆண்டெல்லை, நிலைமை, நிபந்தனை என்பன எழுதப்படும். இவ்வொரு வரியே அவ்வேட்டின் பிறப்புப் பத்திரம் போன்றது. இவ்வரி இல்லாத ஏடு, எவ்வளவு அரியதாயினும், எங்கிருந்து வந்தது என உறுதி கூற முடியாததாகிச் சான்று என்னும் தகுதியை இழக்கும். பட்டியல் தயாரித்தலும் ஆய்வாளருக்குத் திறந்துவிடுதலும் இவற்றின் பின்னரே வருவன.

வணிக நிறுவனங்களின் ஏடுகளைப் பல்கலைக்கழகம் ஏற்பது புதுமையன்று. கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் நோயெல் பட்லின் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் 1950களிலேயே இம்முயற்சியைத் தொடங்கினார். கம்பனிகளின் ஏடுகளும் தொழிற்சங்கங்களின் ஏடுகளும் அங்கு ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தன. பிஜியிற் கரும்புத் தோட்டங்களை நடத்திய கம்பனியின் ஏடுகளும் அவற்றுள் உள. மலையகத்துக்கும் இவ்விணைப்பே பொருந்தும். துரையின் கடிதத்தை மட்டும் படிப்பவர் வேலைநிறுத்தத்தைக் குழப்பம் என்றே அறிவர். சங்கத்தின் கூட்டக் குறிப்பையும் உடன் படிப்பவர் அதன் காரணத்தையும் அறிவர்.

ஏடுகளை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்தல் நன்றோ என வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. தோட்டத்தில் வாழும் ஒருவருக்குப் பல்கலைக்கழக வாயில் எளிதில் திறவாது. இதற்கு விடை பிரதி செய்தலாகும். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாள் முழுதும் திரட்டிய நூல்களை, 1992இல் அவர் மறைந்த பின்னர், சிக்காகோப் பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கியது. எனினும் கடல் கடந்து கொண்டுசெல்லாது, சென்னையிலேயே நூலகமாக அமைத்து நுண்படப் பிரதி எடுக்கத் துணைபுரிந்தது. மூலம் தமிழ்நாட்டிலே நின்றது. பிரதி உலகெங்கும் சென்றது. பிரதியின்மையின் விளைவை 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது தமிழுலகம் கண்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் மறுபடி கிடைக்காதவை பல. ஆதலின் மூலம் சுவடிக்கூடத்திலும், மின்னணுப் பிரதி அவ்வத் தோட்டத்துப் பாடசாலையிலும் இருத்தலே தக்கது. மேலும், இவ்வேடுகளிற் கடனும் நோயும் சாதியும் குறிக்கப்பட்டிருத்தல் கூடும். வாழ்வோரை நாணச் செய்யும் செய்திகளைக் குறித்த காலம்வரை மூடிவைத்தலும் சுவடிக்காப்பாளரின் கடமையே.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டு, 1952இற் பேராதனையில் நிலைபெற்றது. அதன் மண்டபங்களைச் சூழ்ந்து நிற்கும் ஹந்தானை மலையிலும் தேயிலைத் தோட்டங்கள் உள. வத்தேகமவிலிருந்து கண்டியைக் கடந்தால் பேராதனை வந்துவிடும். ஏடு இருக்கும் இடத்துக்கும் அறிஞர் இருக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவே. அதைக் கடப்பதற்குப் பெரும்பொருள் முதலில் வேண்டியதில்லை. எங்கெங்கே எவை உள்ளன என்ற பட்டியலே முதலில் வேண்டும். அப்பணியைத் தொடங்க வல்லோர் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவருமே. கணக்கப்பிள்ளைமாரின் பேரர்களும், கங்காணிமாரின் பேத்திகளும், பெரட்டுக்களத்திற் பெயர் கொடுத்தோரின் கொள்ளுப்பேரர்களும் மலைநாட்டுக் கல்லூரிகளிற் கற்று வெளியேறியிருக்கின்றனர். வீட்டுப் பெட்டியின் அடியிற் கிடக்கும் ஒரு துண்டு, ஒரு தகரச்சீட்டு, ஒரு பழைய கணக்குப் புத்தகம் எதையும் குப்பையென எறியாது, அது எவருடையது, எத்தோட்டத்தது என ஒரு தாளில் எழுதி அதனுடன் வைத்தல் எவர்க்கும் இயலும். சேர்ப்புப் பதிவேட்டின் முதல் வரிக்கு வேண்டிய செய்தி அதுவே. அதனை அறிந்த முதியோர் உள்ளபோதே அவ்வரி எழுதப்படல் வேண்டும்.