குணமதியார் முதல் கணினி வரை: குடிவழியைக் காத்தலும் அதற்கேற்ற மென்பொருளும்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில், பாறையில் வடித்த திருமேனிகளின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அத்திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று கூறுகிறது. தமிழகத்தின் பல மலைகளில் பெயர் பொறிக்கப்பெற்ற துறவி அச்சணந்தி. அவரைப் பெற்றவளின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிலைத்திருப்பது அந்த ஒரு வரியால்தான்.

இத்தகைய பதிவு அரிது. சமணர்மலையாயினும் கழுகுமலையாயினும், கல்வெட்டுகள் மிகுதியும் ஆசிரியர், மாணாக்கர், திருமேனி செய்வித்தவர், அவர்தம் ஊர் ஆகியவற்றையே சொல்கின்றன. இல்லறத்தாரின் குடிவழி கல்லில் ஏறவில்லை. அது சாதக ஓலையிலும், பாகப்பிரிவினைப் பத்திரத்திலும், திருமண அழைப்பிதழிலும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுப் பெரியவர்களின் நினைவிலும் தங்கியது. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் சென்னைக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்த பிறகு, ஒரு பாட்டியார் மறையும்போது நான்கு தலைமுறை உறவும் உடன் மறைகிறது. இதனை உணர்ந்த சில குடும்பங்கள் இப்போது குடிவழியைக் கணினியில் ஏற்ற முனைகின்றன. எந்த மென்பொருள் ஏற்றது என்னும் வினாவுக்கு, அம்மென்பொருள்களின் வரலாறே பெருமளவு விடை தருகிறது.

அவ்வரலாற்றின் தொடக்கம் அமெரிக்காவின் யூட்டா மாநிலம். மறைந்த முன்னோருக்காகவும் சமயச் சடங்கு செய்யும் மார்மன் சபையார்க்கு முன்னோர் பெயர்களைத் தேடுவது கடமையாயிற்று. 1894இல் குடிவழி ஆய்வுக்கெனச் சங்கம் அமைத்தனர். 1938 முதல் ஆவணங்களை நுண்படமாக்கினர். 1984இல் 'பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல்' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். அதே ஆண்டில், ஒரு மென்பொருளிலுள்ள குடிவழியை மற்றொன்றுக்கு மாற்றுவதற்கான 'ஜெட்காம்' என்னும் பொது வடிவத்தையும் வகுத்தனர். பின்னது வெறும் எழுத்துக்கோப்பு. எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம்.

முந்தையது 2013இல் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் பரவலாக விற்ற 'ஃபேமிலி ட்ரீ மேக்கர்' நிறுத்தப்படும் என 2015 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் ஏற்றதால் பிழைத்தது. ஜெட்காமோ இன்றும் வழக்கில் உள்ளது. மென்பொருள் அழிந்தாலும், பொது வடிவத்தில் படி எடுத்து வைத்தவரின் உழைப்பு அழிவதில்லை. சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகக் கொண்ட மரபுக்கு இது புதிய செய்தியன்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை, பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியதும் ஒரே ஏட்டை நம்பியிருக்க இயலாது என்பதால்தானே!

எனினும், மேலைநாட்டார் தம் வழக்கத்துக்கு வகுத்த சட்டகம் தமிழ்க் குடும்பத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. முதல் இடர் பெயரில். ஜெட்காம் ஒவ்வொரு பெயரிலும் குடும்பப் பெயரைத் தனியே குறிக்க இடம் வைத்திருக்கிறது. தமிழருக்கோ தந்தை பெயரே முன்னெழுத்து. தலைமுறைதோறும் அது மாறும். தந்தையின் குடும்பப் பெயரை மகனுக்குத் தானே நிரப்பிவிடும் மென்பொருளில், மகனுக்குப் பாட்டனார் பெயர் முன்னெழுத்தாகிவிடும். 2001இல் தொடங்கப்பெற்ற 'கிராம்ப்ஸ்' என்னும் கட்டணமற்ற மென்பொருளில் இந்த நிரப்பலை நிறுத்திவைக்க வழி உண்டு. தந்தைவழிப் பெயர் என்று குறிக்கவும் இடம் உண்டு. ஐஸ்லாந்து மக்களும் தந்தை பெயரையே சேர்த்துக்கொள்பவர்கள் என்பதால் அவர்களுக்கெனவும் அதில் ஒரு தெரிவு இருக்கிறது. தொலைதூரத்தார் வழக்கம் இங்கே தமிழர்க்குத் துணையாகிறது.

அடுத்தது காலம். சாதகக் குறிப்பில் 'பிரபவ ஆண்டு, ஆவணி' என்று மட்டும் இருந்தால் அது 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் குடும்பத்தில் இருவரும் தரணேந்திரன், இருவரும் பிரபவ என்று அமைந்துவிட்டால், ஆளே மாறிப்போகும். ஜெட்காம் கிரிகோரியன், ஜூலியன், யூத, பிரெஞ்சுப் புரட்சிக்கால நாட்காட்டிகளை அறியும். தமிழ் ஆண்டுகளை அறியாது. ஆகவே மூலக் குறிப்பை அப்படியே சொற்களில் எழுதி, கணித்த ஆங்கில ஆண்டைத் தனியே குறிக்க இடம் தரும் மென்பொருளே வேண்டும்.

அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணம் செய்யும் தென்னாட்டு வழக்கம் இன்னொரு சோதனை. அத்தகைய குடும்பத்தில் ஒரே பாட்டியார் இருவழியிலும் வருவார். சாதாரணக் கிளைப்படம் அவரை இரண்டு இடங்களில் காட்டி, இருவர் போலத் தோன்றச் செய்யும். கிராம்ப்ஸின் உறவு வரைபடம் அவரை ஒருமுறை மட்டும் காட்டிக் கோடுகளால் இணைக்கிறது.

திறனுக்கு ஏற்பத் தெரிவும் மாறும். கணினிப் பழக்கம் குறைந்த பெரியவர் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து எழுதினால் போதும். பெயர்கள் மீண்டும் மீண்டும் வரும் குடும்பத்தில் அந்த எண்ணே ஆளைக் காட்டும். அதனைப் பின்னர் இளையவர் கிராம்ப்ஸில் ஏற்றலாம். 2010இல் தோன்றிய 'வெப்ட்ரீஸ்' பல ஊர்களிலுள்ள உறவினர் ஒரே பதிவில் சேர்ந்து எழுத உதவும். ஆனால் இணைய வழங்கியைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருக்க வேண்டும். 'ஃபேமிலி சர்ச்' தளத்தின் பொதுமரம் எளியது, கட்டணமற்றது. அதில் மறைந்தோரின் பதிவை முன்பின் அறியாதவரும் திருத்த முடியும். வாழ்வோரின் பிறந்த நாளையும் முகவரியையும் எந்தப் பொதுத் தளத்திலும் இடாதிருப்பதே தகும்.

தெரிவு செய்வதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் நன்று. பத்துப் பேரைத் தமிழிலேயே, யூனிகோடு எழுத்தில் பதிந்து, ஜெட்காம் கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும். பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் அந்த மென்பொருள் உதவாது. பழைய ஜெட்காம் ஐரோப்பிய எழுத்துகளை மனத்திற்கொண்டே பிறந்தது; 2021இல் வந்த 7.0 பதிப்புதான் யூனிகோடைக் கட்டாயமாக்கியது. ஒளிப்படங்களையும் பார்க்க வேண்டும். பழைய பதிப்புக் கோப்புகளில் பொதுவாகப் படம் இருக்கும் இடத்தின் பெயர் மட்டுமே செல்லும், படம் செல்லாது. 7.0 பதிப்பில் படங்களையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டும் வசதி உண்டு. அதனை ஏற்காத மென்பொருள்களும் இருப்பதால், படங்களைத் தனியே ஒரு கோப்புறையில், முன்சொன்ன ஆள் எண்ணையே பெயராக இட்டு, இரண்டு வீடுகளிலாவது படியெடுத்து வைக்க வேண்டும்.