மூன்றாந் தவணை முடிந்து வீடு போன கதை

நூற்றாண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று எங்களில் சிலர் கூடிப் பேசியபோது, அதிபர்களின் பணியும் கட்டடங்கள் எழுந்த வரலாறும் பரிசளிப்பு விழாக்களும் முன்னைய மலர்களில் நன்றாகவே பதியப்பட்டிருப்பதைக் கண்டோம். பதியப்படாத ஒன்று இருந்தது. ஒவ்வொரு டிசெம்பரிலும் மூன்றாந் தவணை முடிந்து விடுதிப் பிள்ளைகள் வீடு போன வரலாறு அது. போகமுடியாமல் நின்றவர்களின் வரலாறும் அதற்குள்ளேயே இருக்கின்றது.

விடுதியில் கடைசி நாள் எப்படியிருக்கும் என்பதை எந்தக் காலத்துப் பழைய மாணவிக்கும் சொல்லத் தேவையில்லை. மெத்தையைச் சுருட்டிக் கட்டி, றங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலருகே நிற்போம். மேற்றன் உடுப்புக் கணக்கைப் பார்ப்பார். வெளியே மாரி மழை விடாமல் பெய்யும். வாசலில் யாராவது வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் கேட்டவள் ஓடுவாள். கேளாதவள் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எமது சங்கம் தொடங்கிய காலத்தில் வடபகுதிக்குப் புகையிரதம் வந்து இருபது வருடங்கள்கூட நிறைந்திருக்கவில்லை. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி, 1905இல் பாதை முழுமையடைந்ததும் கொழும்புவரை சென்றது. அரசாங்க உத்தியோகத்துக்காகத் தெற்கே போன தகப்பன்மார் மார்கழியில் லீவு எடுத்துக்கொண்டு கோச்சியில் ஊருக்கு வந்தார்கள். பிள்ளைகள் விடுதியிலிருந்து மாட்டு வண்டிலிலும் பின்னர் பஸ்ஸிலும் அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தகப்பன் எத்தனை ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் குவாட்டர்ஸ் வீடாகாது. வீடு என்றால் ஊரிலிருக்கும் வீடுதான்.

அந்த வீடு பெரும்பாலும் தாயின் வீடு. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையின்படி சீதனம் பெண்ணின் சொத்து. அம்மம்மா தன் மகளுக்கு எழுதிக் கொடுத்ததை அம்மா தன் மகளுக்கு எழுதுவார். ஆகவே விடுமுறைக்கு வீடு போன பிள்ளை ஒருநாள் தன் பெயருக்கு வரப்போகும் வீட்டுக்கே போனாள். மாரியில் கிணறு நிறைந்து வாளியை எட்டித் தாழ்த்தினாலே தண்ணீர் வரும். திருவெம்பாவை நாட்களில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் வரும். நத்தார் கொண்டாடும் வீடுகளிலிருந்து பலகாரத் தட்டு வேலிக்கு மேலால் வரும். சைவப் பிள்ளையும் வேதப் பிள்ளையும் ஒரே மேசையிலிருந்து சாப்பிட்ட விடுதிப் பழக்கம் ஊரிலும் தொடர்ந்தது.

வீடு தாயுடையது என்பதால் இன்னொன்றும் நடந்தது. யாரை உள்ளே கூட்டிக்கொண்டு வரலாம் என்பதைத் தாயே தீர்மானித்தார்.

அதற்குத் தேவை அடிக்கடி வந்தது. நெடுந்தீவு, நயினாதீவுப் பிள்ளைகள் கடல் தாண்ட வேண்டும். வாடைக் காற்று கிளம்பிவிட்டால் வள்ளம் போகாது. கடல் அடங்கும்வரை அவர்கள் நின்றது பட்டணத்துத் தோழிகளின் வீடுகளில். “அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்” என்ற ஒரு வசனம் போதும். பெட்டி இரண்டும் ஒரே வண்டிலில் ஏறிவிடும்.

சிலருக்குக் கடல் அடங்கவேயில்லை. அந்நாட்களில் மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர் பலர் பெண்பிள்ளைகளை இங்கே விடுதிகளில் விட்டிருந்தார்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. கடிதம் நின்றது, காசும் நின்றது. 1945இல் யுத்தம் முடியும்வரை, தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமலே அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு மார்கழியையும் கடந்தார்கள். பேரன் பேத்தி இருந்தவர்கள் அவர்களிடம் போனார்கள். இல்லாதவர்களைத் தோழிகளின் தாய்மார் கூட்டிச் சென்றார்கள். எங்களுக்கு மூத்த அக்காமார் இதைச் சொல்லும்போது, அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வாய் கூடியதை எந்த வீட்டிலும் ஒரு சொல்லாலும் காட்டவில்லை என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் பயணம் சுகமானது. கொழும்பிலிருந்து வரும் தகப்பனுக்காக ஸ்ரேசனில் காத்துநின்ற மகிழ்ச்சி எங்களில் பலருக்கு இன்றும் நினைவிருக்கின்றது. ஆனாலும் பாதை எப்போதும் திறந்திருக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. தென்னந்தோப்புகள் சரிந்தன, வீட்டுக் கூரைகள் பறந்தன, தொடர்புகள் அறுந்தன. தவணை முடியச் சில நாட்களே இருந்தன. மட்டக்களப்புப் பிள்ளைகள் வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்தார்கள். வீட்டார் சுகம் என்ற செய்தி வந்தபின்னும், போய்ப் படுக்கக் கூரையில்லை என்ற செய்தியும் கூடவே வந்தது. அந்த நத்தாருக்கும் வருடப் பிறப்புக்கும் அவர்கள் எங்கள் வீடுகளில் இருந்தார்கள். எங்கள் தங்கைமாருக்கு மட்டக்களப்புத் தமிழ் ஒரு மாதம் விளையாட்டாயிற்று.

1983 யூலைக்குப் பின் விடுமுறையின் திசையே மாறியது. தெற்கிலிருந்த குடும்பங்கள் எல்லாவற்றையும் விட்டு ஊருக்கு வந்தன. மார்கழிக்கு மட்டும் திறந்த வீடுகளில் வருடம் முழுவதும் அடுப்பெரிந்தது. 1990 யூனில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. அதே மாதம் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலிப் பக்கத்துக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்த டிசெம்பரில் விடுதியில் பெயர் கூப்பிட்டபோது, வந்தவர்கள் “வீட்டை போவம்” என்று சொல்லவில்லை. “நாங்கள் இப்ப இருக்கிற இடத்துக்குப் போவம்” என்றார்கள். வன்னிப் பிள்ளைகள் இரவில் கிளாலி நீரேரியை வள்ளத்தில் கடந்தார்கள். அதில் பலர் உயிரிழந்திருந்தார்கள் என்பது தெரிந்தும், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று போனார்கள். போன பிள்ளை தையில் திரும்பி வந்து விடுதி வாசலில் கால்வைக்கும்வரை நாங்கள் அவளின் கட்டிலில் யாரையும் இருக்க விட்டதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் எழுந்து நடந்தது. மழையில், இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனார்கள். கல்லூரியும் விடுதியும் வெறிச்சோடின. அவ்வருடம் மூன்றாந் தவணை முடியவில்லை, அதனால் விடுமுறையும் இல்லை. ஆனால் அதுவரை வருடாவருடம் தோழிகள் வீட்டில் தங்கிய தென்மராட்சிப் பிள்ளைகள், அந்த மார்கழியில் தங்கள் தாய்மாரின் வீடுகளைத் திறந்து விட்டார்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், விறாந்தையில் இரண்டு குடும்பம், மாமர நிழலில் இன்னும் ஒன்று. முன்பு எங்கள் அம்மாமார் சொன்ன சொல்லை அவர்களின் அம்மாமார் எங்களுக்குச் சொன்னார்கள்: “இவளும் எங்கட பிள்ளைதான்.”

அதன்பின் நாங்கள் உலகெங்கும் சிதறினோம். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபோது, காணி எல்லையைக் கிணற்றை வைத்து அடையாளங் கண்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள். இப்போது டிசெம்பரில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்குகிறோம். சீதனமாய் வந்த வீடு சிலருக்குப் பூட்டிக் கிடக்கின்றது, சிலருக்கு அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருக்கின்றது, சிலருக்கு உறுதி மாத்திரம் கையில் இருக்கின்றது. எங்கே தங்குகிறோம்? ஊரைவிட்டுப் போகாத தோழியின் வீட்டில். அவள் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. அறை ஆயத்தமாக இருக்கும்.

வீடு என்ற சொல்லுக்கு எங்கள் கல்லூரி எங்களுக்குத் தந்த பொருள் இதுதான் என்று இன்று நினைக்கின்றோம். உறுதியில் எழுதிய வீடு போகலாம். கூட்டிக்கொண்டு போகும் பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கம் எங்களோடு முடிந்துவிடக்கூடாது. விடுதியில் இன்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போரில் பெற்றாரை இழந்தவர்களின் பிள்ளைகளும், தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். எனவே இந்த மலரின் வாயிலாகப் பழைய மாணவியர் அனைவரையும் ஒன்று கேட்கின்றோம். அடுத்த டிசெம்பரில் நன்கொடைக் காசோலையோடு நின்றுவிடாமல், விடுதிக்கு ஒருமுறை போய், பெயர் கூப்பிடப்படாமல் நிற்பது யார் என்று மேற்றனிடம் கேளுங்கள். முறைப்படி அனுமதி பெற்று, உங்கள் வீட்டுக்கோ உங்கள் தோழி வீட்டுக்கோ அவளைக் கூட்டிச் செல்லுங்கள். எங்களையும் ஒருகாலத்தில் யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள்.