தாயின் பாட்டும் நாடற்ற பிள்ளைகளும்

1948ஆம் ஆண்டுச் சுதந்திரத்துக்கெனத் தேசிய கீதமொன்றைத் தெரிய, லங்கா காந்தர்வ சபை போட்டி நடாத்தியது. வென்ற பாடலை இயற்றிய பி. பி. இலங்கசிங்கவும் இசையமைத்த லயனல் எதிரிசிங்கவும் நடுவர் குழுவிலேயே இருந்தவர்கள்! கண்டனம் எழுந்தது, அப்பாடல் நிலைக்கவில்லை. ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றிய 'நமோ நமோ மாதா'வே 1951 நவம்பரில் தேசிய கீதமாயிற்று. புலவர் மு. நல்லதம்பி அதனைத் தமிழாக்கினார்.

ஆனால், தாயெனப் பாடுவோர் அனைவரும் அவளுடைய பிள்ளைகளாய் ஏற்கப்பட்டனரா? அதே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், பலாங்கொடை உள்ளிட்ட மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. 2016இல் சுதந்திர தின விழாவில் தமிழில் ஒலித்த கீதம், 2020 விழாவில் ஒலிக்கவில்லை.

தேசிய கீதத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாம், இவ்வரலாற்றையும் உடன் கற்பித்தல் வேண்டும்.