வெயிலோடு வழிநடந்தவர்கள்

வட இந்தியக் கோடை எத்தகையது என்பதை அங்குக் குடியேறிய தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. டில்லியிலும் நாகபுரியிலும் ஆமதாபாத்திலும் அலுவல் நிமித்தமாக வந்து தங்கிய நம்மவர், 'லூ' என்னும் அனற்காற்றின் இயல்பை முதலாண்டிலேயே அறிந்துகொள்கின்றனர். மாலையில் கடற்காற்று வந்து உடலை ஆற்றும் என்ற நம்பிக்கை சென்னையில் உண்டு. இங்கு அதற்கும் இடமில்லை. சுவரும் கூரையும் உடைய வீட்டில் இருப்போர்க்கே இவ்வளவு துன்பம் எனில், வீட்டையே உடன்கொண்டு வழிநடப்போர் கோடையை எவ்வாறு கடந்தனர்?

இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோமாயின் ஓர் உண்மை புலப்படும். சூரிய சக்தியை ஏவல்கொள்ளும் கலை, அதன் திருப்புமுனைகள் பலவற்றிலும், மாளிகையில் அமர்ந்திருந்தோரை நம்பி வளரவில்லை. ஊரை விட்டுப் புறப்பட்டோரின் தேவையே அதனை வளர்த்தது.

பழங்காலத்து நடமாடும் இல்லங்களுள் தலைசிறந்தது முகலாயப் பேரரசரின் பாசறை எனலாம். 1664-ஆம் ஆண்டின் இறுதியில் ஔரங்கசீப் டில்லியிலிருந்து காஷ்மீரம் நோக்கிப் புறப்பட்டபோது, பிரான்சுவா பெர்னியர் என்னும் பிரெஞ்சு மருத்துவரும் அப்பயணத்தில் உடன் சென்றார். பேரரசருக்கு இரண்டு கூடாரத் தொகுதிகள் இருந்தன. ஒன்றில் அவர் தங்கியிருக்கையில் மற்றொன்று அடுத்த தங்குமிடத்திற்கு முன்னதாகச் சென்றுவிடும். ஒரு தொகுதியைச் சுமப்பதற்கு 60-க்கு மேற்பட்ட யானைகளும் 200 ஒட்டகங்களும் 100 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன என்று பெர்னியர் எழுதிவைத்தார். இத்தனை ஏற்பாடு இருந்தும், லாகூரைக் கடந்தபின் தாக்கிய வெப்பத்தில் தாம் உயிர் பிழைப்பது அரிது என்றே அவர் அஞ்சினார்.

அக்காலத்தில் வெயிலுக்கு எதிராகக் கையாளப்பட்ட சிறந்த கருவி 'கஸ்' தட்டியாகும். வாயிலில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், ஊடே புகும் அனற்காற்று தன் வெப்பத்தை நீர் ஆவியாவதற்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து நுழையும். வடவர் 'கஸ்' என்பது நமது வெட்டிவேரையே. அத்தமிழ்ச் சொல்தான் சிறிது திரிந்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இன்றளவும் வழங்கிவருகிறது. ஆயினும் இம்முறை, கதிரவனைப் பகைவனாகக் கருதி அவனிடமிருந்து ஒளிந்துகொள்ளும் முறையே. பகைவனையே பணியாளனாக்கும் எண்ணம் செயலுருப் பெறப் பின்னும் இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

பிரான்சு நாட்டில் தூர் நகரத்துப் பள்ளியொன்றில் கணித ஆசிரியராக இருந்தவர் ஒகுஸ்தென் மூஷோ. நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும், அப்போது தொழிற்சாலைகள் என் செய்யும் என்ற கவலை அவரை வாட்டியது. கதிரவன் வெப்பத்தை ஆடிகளால் குவித்து நீரைக் கொதிக்கச் செய்து, அந்நீராவியால் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். அவருடைய கருவிக்குப் பயன் எங்கே என்று ஆராய்ந்த பிரெஞ்சு அரசு, 1877-இல் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. விறகும் கரியும் அரிதாகிய அந்நாட்டில், இடம்விட்டு இடம் செல்லும் படைவீரர்க்குச் சூரிய அடுப்பு உதவும் என்பது கருத்து. 1878-இல் பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், கதிரவன் வெப்பத்தையே கொண்டு பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டி மூஷோ தங்கப் பதக்கம் பெற்றார். சுடுகின்ற பொருளே குளிர்விக்கவும் வல்லது என்பதை மக்கள் அன்று கண்கூடாகக் கண்டனர்.

அதே ஆண்டில் பம்பாயிலும் இம்முயற்சி நடைபெற்றது என்பதை நம்மவர் பலர் அறியார். அங்கு ஆங்கில அரசின் துணைப் பதிவாளராக இருந்தவர் வில்லியம் ஆடம்ஸ். அவர் தொழில்முறை விஞ்ஞானி அல்லர். அலுவலகக் காகிதங்களுக்கிடையே பொழுதைக் கழித்தவர். இந்தியாவிலிருந்த படைவீரர்க்கென அவர் அமைத்த சூரிய அடுப்பு, ஏழு பேருக்கு வேண்டிய இறைச்சியையும் காய்கறியையும் ஜனவரி மாதத்திலேயே இரண்டு மணி நேரத்தில் வேகவைத்தது. தட்டையான ஆடிகள் பலவற்றை அரைவட்டமாக நிறுத்தி, இரண்டரைக் குதிரைத்திறன் கொண்ட நீராவிப் பொறியையும் கொலாபாவில் ஓட்டினார். வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகச் சூரிய வெப்பத்தைக் கொள்வது பற்றி 1878-இல் நூலும் வெளியிட்டார்.

ஆயினும் நிலக்கரி மலிவாகக் கிடைத்தது; இருப்புப்பாதை அதனை மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. ஆடிகள் மறக்கப்பட்டன. 1950-களில் புதுடில்லியின் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் இல்லங்களுக்கென ஒரு சூரிய அடுப்பை உருவாக்கியபோதும், விறகும் மண்ணெண்ணெயும் கைக்கெட்டும் தொலைவில் இருந்த நகரத்தார் அதனை விரும்பி ஏற்கவில்லை. நிலைத்த வீடும் நிறைந்த அடுப்பும் உடையவர், புதுமையை நாட வேண்டிய கட்டாயம் யாது?

இதுகாறும் கூறியவை அனைத்தும் கதிரவனின் வெப்பத்தைப் பயன்படுத்திய முயற்சிகள். அவன் தருவது வெப்பம் ஒன்று மட்டுமன்று, ஒளியும் உண்டு. ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1839-இல் எட்மண்ட் பெக்கரல் என்ற பத்தொன்பது வயது இளைஞர் கண்டறிந்தார். நூறாண்டுக்கு மேல் அது ஆய்வுக்கூடத்து வியப்பாகவே இருந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்திற்கு ஒரு தொல்லை நேர்ந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க தொலைவிடங்களில் தொலைபேசிக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் உலர் மின்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின. அதற்கு மாற்றுத் தேடிய சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் 1954-இல் சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகுக்கு அளித்தனர். விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக்கிற்று. கோடை கெடுத்ததைக் கதிரவனே ஈடு செய்தான் என்று இதனைக் கூறலாம் அன்றோ?

1958-இல் வானில் ஏறிய வான்கார்டு செயற்கைக்கோளின் சாதாரண மின்கலம் சில மாதங்களில் ஓய்ந்தது; சூரிய மின்கலங்களோ ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் செய்தி அனுப்பின. 1970-களில் விலை குறைந்தபோது, கடல்நடுவே மிதக்கும் விளக்குகளும் எண்ணெய்த் துரப்பண மேடைகளும் முதலில் இவற்றை வாங்கின. கம்பி செல்லாத இடங்களே இத்தொழிலை வாழ்வித்தன.

இனி, சக்கரத்தின் மீது அமைந்த வீட்டைக் காண்போம். 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், குதிரை பூட்டிய வீட்டு வண்டியில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை உலாச் சென்றார். இன்பச் செலவுக்கென்றே வீட்டு வண்டி அமைக்கும் வழக்கம் அவரோடு பரவியது. பின்னர் மோட்டார் வந்தது, குதிரை விலகியது. 1960-களிலும் 1970-களிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் வீடாக மாற்றிய மோட்டார் வண்டிகளில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாக டில்லி வந்து காட்மாண்டு சென்றனர். 1979-இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியும் ஆப்கானிஸ்தானப் போரும் அவ்வழியை அடைத்தன.

சூரிய ஒளியாலேயே ஊர்தியைச் செலுத்தும் முயற்சி இதற்குப் பின்னர் ஆஸ்திரேலியாவில் வலுப்பெற்றது. 1982 டிசம்பரில், அந்நாட்டின் நடுக்கோடையில், ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப்பும் லாரி பெர்க்கின்ஸும் பெர்த் நகரிலிருந்து சூரிய ஊர்தியொன்றில் புறப்பட்டனர். ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரை 20 நாட்களில் கடந்து 1983 ஜனவரியில் சிட்னியை அடைந்தனர். 2021-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக மாணவர்கள் 'ஸ்டெல்லா வீட்டா' என்ற வீட்டு ஊர்தியை அமைத்தனர். சமைக்கவும் குளிக்கவும் உறங்கவும் வசதியுடைய அந்த வீடு, நிற்கும்போது கூரையை விரித்து 17.5 சதுர மீட்டர் பரப்பில் ஒளியை ஏற்கும். அதனை அவர்கள் ஸ்பெயினின் தென்முனையிலுள்ள தரீஃபா வரை ஓட்டிச் சென்றனர்.

இவற்றைக் கேட்போர், வெயில் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என எண்ணுதல் இயல்பு. உண்மை வேறு. சிலிக்கன் பலகைக்கு வேண்டுவது ஒளி. வெப்பம் அதற்கும் பகையே. பலகையின் வெப்பநிலை 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு குறையும். கோடை நண்பகலில் பலகை 65 பாகை வரை சூடேறுமாயின் ஆறில் ஒரு பங்கு ஆற்றல் வீணாகும். மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலமும் கடும் வெப்பத்தில் ஆயுள் குன்றும். ஆதலின் வண்டிக் கூரைக்கும் பலகைக்கும் இடையே காற்றோட இடம் விடுவது வழக்கம். அதனால் பலகை ஆறும். அதன் நிழலால் கூரையும் ஆறும்.

வீட்டு வண்டியில் வாழ்வோர்க்கு மற்றொரு சங்கடமும் உண்டு. மரத்தடியில் நிறுத்தினால் உடல் குளிரும், பலகை பட்டினி கிடக்கும். வெட்டவெளியில் நிறுத்தினால் பலகை உண்ணும், உடல் வேகும். சிறிய கூரையில் அடங்குவது சில நூறு வாட் பலகையே. அது 30 வாட் மின்விசிறியை இரவும் பகலும் சுழற்றும். 1,000 வாட்டுக்கு மேல் கேட்கும் குளிர்சாதனத்தை நெடுநேரம் தாங்காது. ஆகவே வெயிலோடு வாழ்வோர், தடித்த திரை, எதிரெதிர்ச் சாளரம், விடியற்காலைப் பயணம் ஆகிய பழைய உபாயங்களுக்கே திரும்புகின்றனர். பெர்னியர் காலத்து அறிவு இன்னும் காலாவதியாகவில்லை.

நம் நாட்டில் இதற்குச் சான்றாகும் இடங்கள் இரண்டு. 2016 மே 19 அன்று இராசத்தானத்துப் பலோடியில் 51 பாகை வெப்பம் பதிவாயிற்று. இந்தியாவில் அதற்குமுன் அத்துணை வெப்பம் பதிவானதில்லை. அந்தப் பாலைநிலப் பகுதியிலேயே, 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறனுடைய பாட்லா சூரிய மின் பூங்கா அமைந்துள்ளது. மக்களைச் சுட்டெரித்த நிலமே பல ஊர்களுக்கு விளக்கேற்றுகிறது.

மற்றோரிடம் குஜராத்தின் சிறிய கட்ச் ரண். மழைக்காலத்தில் நீர் நிறையும் அந்நிலம் வற்றியதும், அகரியா என்னும் உப்புத் தொழிலாளர் குடும்பத்தோடு அங்குச் சென்று குடிசை அமைப்பர். ஏறத்தாழ எட்டு மாதங்கள் தங்கிக் கடுங்கோடையில் உப்பு வாரிய பின்னரே திரும்புவர். நிலத்தடி உவர்நீரை இறைக்க அவர்கள் டீசல் பொறிகளை நம்பியிருந்தனர். அந்த டீசலுக்காகவே வணிகரிடம் முன்பணம் பெற்றுக் கடனாளிகளாயினர். அண்மை ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்களின் முயற்சியாலும் அரசின் மானியத்தாலும் சூரியப் பம்புகள் அங்குப் பரவி, டீசல் செலவைக் குறைத்துள்ளன. ஆயினும் பம்பு இறைக்கும் நீரில் உப்பு விளைவிக்கும் உழைப்பாளியின் தலைக்கு மேல் இன்னும் சாக்குத்துணிக் குடிசைதான். ஒளியின் பயன் அவரை எட்டியது. நிழல் இன்னும் எட்டவில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? படைவீரர், தொலைபேசிக் கம்பியமைப்போர், கடலோடிகள், உலாச் செல்வோர், உப்பு விளைவிப்போர் என, வீட்டைப் பிரிந்தவர் நலத்திற்காகவே கதிரவன் மீண்டும் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டான். அவனது பணி முழுமை பெறவேண்டுமாயின், மின்சாரம் தரும் பலகையோடு நிழல்தரும் கூரையும் சேர்ந்து செல்லவேண்டும். பிழைப்பிற்காகப் பிறந்த ஊரைவிட்டு வந்து, முதற் கோடையை வாடகை அறையின் மொட்டைமாடிக்குக் கீழே கழித்த நம்மவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?