கட்டுமானப் பொருட்களின் லேசர் நிறமாலை ஆய்வு

சுண்ணக் காரை, செங்கல், கான்கிரீட் முதலியவற்றில் என்னென்ன கலந்துள்ளன என்பதை லேசர் ஒளியால் கண்டறியும் முறை. வானியலாரும் இதேபோல ஒளியின் நிறமாலையைக் கொண்டே விண்மீன்களை அறிகிறார்கள். ஒடுகத்தூரை ஒட்டிய ஜவ்வாது மலைத்தொடரில், காவலூரில், 1968 முதல் விண்மீன்களை ஆராய்கிறார்கள். அந்த ஆய்வகத்தை அமைத்த வைணு பாப்பு, ஓலின் வில்சனுடன் 1957-இல் வெளியிட்ட ‘வில்சன்–பாப்பு விளைவு’, 393.4 நானோமீட்டரில் தெரியும் கால்சியம் கோட்டின் அகலத்தைக் கொண்டு விண்மீனின் உண்மையான ஒளிர்வைக் கணிக்கிறது. பழைய சுவரின் காரையில் லேசர் பட்டால் பளிச்சென்று எழுவதும் அதே கோடுதான்.

1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். இரண்டே ஆண்டுகளில் பிரெக், கிராஸ் இருவரும் ரூபி லேசரால் பொருளை ஆவியாக்கி நிறமாலை எடுத்தனர். 1980-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் இதை வளர்த்தெடுத்தது. ‘லிப்ஸ்’ என்று இன்று அழைக்கப்படுவது இதுவே.

நானோ நொடிகளே நீடிக்கும் துடிப்பு ஒன்று, காரையின் மேல் ஊசிமுனை அளவு இடத்தில் பாய்கிறது. அங்குள்ள துகள் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் கொதித்துப் பிளாஸ்மாவாகிறது. ‘டப்’ என்ற ஒலியோடு சிறு பொறி தெரியும். அது தணியும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தை உமிழ்கிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு குழி மட்டுமே மிஞ்சும். கோயில் சுவரில் உளி வைக்கத் தயங்குவோருக்கு இது பெரிய ஆறுதல்.

கான்கிரீட்டில் இதன் தலையாய பணி குளோரைடைத் தேடுவது. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து, வீங்கி, கான்கிரீட்டைப் பிளக்கும். இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது இந்தியத் தர விதியான ஐஎஸ் 456. வழக்கமாகத் துளையிட்டுத் தூளெடுத்து வேதிச் சோதனை செய்வார்கள். லிப்ஸோ வெட்டிய முகத்தைப் புள்ளி புள்ளியாக வருடி, உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று படமே வரைந்துவிடும். குளோரினின் 837.6 நானோமீட்டர் கோடு மங்கலானது. ஹீலியம் வாயுவைப் பாய்ச்சினால் தெளிவடையும். ஜெர்மனியின் பொருள் ஆய்வு நிறுவனமான ‘பாம்’ இத்துறையில் முன்னோடி.

ஆனால் லிப்ஸ் தனிமத்தைத்தான் சொல்லும். கால்சியம் சுண்ணாம்பிலிருந்து வந்ததா, ஜிப்சத்திலிருந்து வந்ததா என்று கேட்டால் தடுமாறும். அங்கே திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவு கைகொடுக்கிறது. ராமன் நிறமாலையில் கால்சைட் 1086 செ.மீ.⁻¹-இலும் ஜிப்சம் 1008 செ.மீ.⁻¹-இலும் தனித்தனியே நிற்கும். இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவது நல்லது. கடுக்காயும் வெல்லமும் சேர்த்த நம் பழங்காரைகளுக்கு அதுவும் போதாது: கார்பன் கோடு அந்தக் கரிமப் பொருட்களிலிருந்து மட்டுமன்றிச் சுண்ணாம்பின் கார்பனேட்டிலிருந்தும் வரும். அவற்றுக்கு அகச்சிவப்பு நிறமாலை போன்ற வேறு சோதனைகளும் வேண்டும்.