வடதிசை விருந்தினர்



இன்றைய இளைஞருள் பலருக்கு வடதுருவத்தை அடுத்த காட்டுநிலங்களைக் காணவேண்டும் என்னும் ஆசை உண்டு. அலாஸ்கா, சைபீரியா, நார்வேயின் வடகோடி என்று பெயர்களை அடுக்கி, எம்மாதத்தில் புறப்படலாம், எவ்வழியே செல்லலாம், எவ்வுடுப்புகளைக் கொண்டுபோகலாம் என்று என்னிடம் வினவிய மாணவர்கள் உளர். ஆசை நல்லதே. நம் நாட்டு அறிஞர்கள் 2008-ஆம் ஆண்டிலேயே ஸ்வால்பார்டுத் தீவில் ‘ஹிமாத்ரி’ என்னும் ஆய்வு நிலையத்தை நிறுவிவிட்டார்கள். ஆயினும், அம்மாணவர்களுக்கு நான் கூறும் மறுமொழி ஒன்றே: “முதற் பயணத்தை ஓரிக்கையிலிருந்து தொடங்குங்கள்.”

நான் வேடிக்கையாகச் சொல்வதாக அவர்கள் எண்ணுவதுண்டு. வேடிக்கை அன்று என்பதை விளக்கவே இப்பேச்சு.

ஓரிக்கை, காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டி, உத்திரமேரூர் செல்லும் வழியில் உள்ளது. நான் பிறந்த ஊரும் அதுவே. அதன் பெயருக்கு ஒரு வரலாறு கூறுவர். திருமழிசையாழ்வாரின் மாணாக்கரான கணிகண்ணர், தம்மைப் பாடுமாறு பல்லவ மன்னன் இட்ட ஆணைக்கு இணங்காமையால் நாடு கடத்தப்பட்டார். மாணாக்கர் செல்ல, ஆசிரியரும் சென்றார். அவர் வேண்டுகோளின்படி காஞ்சியில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றார். மூவரும் ஓர் இரவு தங்கியிருந்த இடம் ‘ஓரிரவிருக்கை’ ஆகி, நாளடைவில் ‘ஓரிக்கை’ என மருவிற்று. செல்வோர் தங்கிச் செல்லும் இடம் என்பதே அப்பெயரின் கருத்து. நான் கூறப்போகும் விருந்தினரும் தங்கிச் செல்பவர்களே.

வடகோடி நிலத்தைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மரமற்ற பெருவெளி; ஆண்டில் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் ஞாயிறு எழுவதில்லை. கோடையில் அது மறைவதில்லை. பனி உருகும் அச்சில மாதங்களில் நிலமெங்கும் குட்டைகள் தோன்றும். கொசுவும் புழுவும் பூச்சியும் கணக்கின்றிப் பெருகும். இரவே இல்லாத அப்பகலில் பறவைகள் விரைந்து கூடமைத்து, முட்டையிட்டு, குஞ்சுகளை வளர்த்துவிடும். மீண்டும் பனி கவியுமுன் அவை தென்திசை நோக்கிப் பறந்தாக வேண்டும். இன்றேல் பட்டினியால் மடியும்.

அவ்வாறு வருவனவற்றுள் ஒன்று கொசு உள்ளான் என்னும் சிறு பறவை. அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். நம் கைக்குள் அடங்கிவிடும் அவ்வுயிர், துருவத்தை அடுத்த வெளிகளில் பிறந்து, 6,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, நம் நாட்டு ஏரிக்கரைச் சேற்றில் இரை தேடுகிறது. ஊசிவால் வாத்தும், தட்டைவாயனும், நீலச்சிறகியும் சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் இமயத்தைத் தாண்டி வருகின்றன. நீங்கள் காண விரும்பும் வடதிசைக் காட்டின் ஒரு பகுதி, கடவுச்சீட்டு ஏதுமின்றி, ஆண்டுதோறும் உங்கள் மாவட்டத்திற்கே வந்து சேர்கிறது என்று நான் சொல்வது இதனாலேதான்.

இச்செய்தி நம் முன்னோர்க்குப் புதியதன்று. பிசிராந்தையார், குமரிக் கடலில் இரை தேர்ந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னத்தை அழைத்து, இடையே கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைச் சொல்லுமாறு வேண்டினார். சத்திமுற்றப் புலவரோ, குமரியாடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம், தம் ஊர்க் குளத்தில் இறங்கித் தம் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு கேட்டார். பறவைகள் வடக்கும் தெற்கும் ஆண்டுதோறும் செல்வதையும், வழியில் நீர்நிலைகளில் தங்குவதையும் அப்புலவர்கள் கண்டறிந்திருந்தனர். பிற்காலத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் டாக்டர் சாலிம் அலியின் தலைமையில் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையங்களை இட்டு, அவற்றின் வழிகளை ஆராய்ந்தனர். 1959-இல் தொடங்கிய அப்பெரும் பணியில் நம் கோடியக்கரையும் ஒரு களமாயிற்று.

இனிப் பயணத்தைத் தொடங்குவோம். ஓரிக்கையிலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூரை அடையலாம். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றில் குடவோலைத் தேர்தல் முறை விளக்கப்பட்டிருப்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகளின் சார்பில் ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியங்களை அமைத்தனர். அவற்றுள் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் ஒன்று என்பதை மாணவர் பலர் நினைவிற் கொள்வதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டோர் 360 நாள் பணிசெய்து விலகவேண்டும். ஏரி இன்றேல் ஊர் இல்லை என்றுணர்ந்த மக்கள், அதனைக் காக்கும் பொறுப்பை அரசன் கையில் விட்டுவிடாமல் தாமே ஏற்றனர். இந்த மனப்பான்மையை நெஞ்சில் கொண்டு மேலே செல்லுங்கள். அடுத்த ஊரின் கதை அப்பொழுதுதான் விளங்கும்.

அவ்வூர் வேடந்தாங்கல், இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை அடுத்து உள்ளது. ‘தாங்கல்’ என்பது இப்பகுதியில் சிற்றேரியைக் குறிக்கும் சொல். வேடர்களின் தாங்கல் என்பதே பெயரின் பொருள் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கிழார்கள் வேட்டையாடி மகிழ்ந்த இடம் அது. ஆகவே பெயரிலேயே வேட்டை இருக்கிறது. அந்த வேட்டைக்களம் புகலிடமாக மாறிய வரலாற்றில்தான் நம் பாடம் அடங்கியுள்ளது.

1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் செங்கற்பட்டுச் சீமை பாழடைந்தது. காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படை முறியடிக்கப்பட்டதும் அவ்வாண்டில்தான். ஊர்கள் வெறிச்சோடின; வயல்கள் தரிசாயின; பல ஏரிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. பின்னர் கும்பினியின் ஜாகீருக்கு ஆட்சியராக வந்த லயனல் பிளேஸ் என்பவர் ஏரிகளைச் செப்பனிடும் பணியில் ஈடுபட்டார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமபிரான் காத்தருளியதை அவர் நேரில் கண்டார் என்னும் கதையை, ஏரிகாத்த இராமர் கோயிலில் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

அக்காலத்தில் கும்பினிப் படைவீரர் சிலர் வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டியிருந்த நாரைகளைச் சுட்டனர். அவர்கள் கையில் துப்பாக்கி, அவர்களுடையதே ஆட்சி. ஊராரோ உழவர்கள். அவர்கள் அஞ்சி ஒதுங்கியிருந்தால் நாம் குறை கூற இயலாது. ஆனால் அவர்கள் ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். கூடுகட்டும் பறவைகளுக்கு எவரும் தீங்கிழைத்தல் ஆகாது என்னும் உறுதிப் பத்திரமாகிய ‘கவுல்’ ஒன்றைக் கேட்டுப் பெற்றனர். அது 1798-ஆம் ஆண்டு. உலகின் முதல் தேசியப் பூங்கா எனப்படும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் 1872-இல்தான் அமைந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்னரே, போரின் அழிவைக் கண்ட ஒரு சிற்றூர், பறவைகளுக்காக அரசின் வாயிலில் நின்றது.

இது அருளால் மட்டும் நிகழ்ந்ததா? இல்லை. ஏரியின் நடுவே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் தங்கும்போது அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. தழைச்சத்து மிகுந்த அந்நீரே வயலுக்குப் பாய்கிறது, பயிர் செழிக்கிறது. விலை கொடாமலே கிடைக்கும் எருவை உழவர் அறிந்திருந்தனர். அருளும் பயனும் ஒன்றுக்கொன்று துணைநின்றமையால்தான் அக்காவல் தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது என்பது என் கருத்து. 1858-இல் ஆட்சியரின் ஆணை அதனை மீண்டும் உறுதி செய்தது. 1936-இல் அரசு அதனைச் சரணாலயமாக ஏற்றது. 1962-இல் அது வனச்சட்டத்தின் பாதுகாப்பையும் பெற்றது. 2022-இல் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டுச் சிறப்புடைய நீர்நிலைகளாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. சரணாலயத்தின் மையமான ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். இவ்வளவு சிறிய இடத்திற்கு இவ்வளவு பெரிய புகழைத் தேடித்தந்தவர்கள் பெயர் அறியப்படாத அவ்வூர் மக்களே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய விரும்புகிறேன். வேடந்தாங்கலில் காணும் பறவைகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று பலர் கூறுகின்றனர். அது உண்மையன்று. மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா முதலியன இந்நாட்டுப் பறவைகளே. மழையையும் நீரையும் நாடி இடம் மாறுபவை. வடதிசை விருந்தினர் இங்கே கூடு கட்டுவதில்லை. அவை பிறந்ததும் இனி முட்டையிடப் போவதும் வடக்கேதான். அவை நீர்ப்பரப்பிலும் சேற்றிலும் இரை தேடி, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, திரும்புவதற்குக் காத்திருக்கின்றன. ஒன்று வீட்டார், மற்றொன்று விருந்தினர். இரு திறத்தாரையும் பிரித்தறியக் கற்றவனே பறவைகளைக் காணக் கற்றவன்.

பயணத்தைத் திட்டமிடுவோர் முதலில் மழையைக் கேட்கவேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்தால்தான் பறவைகள் திரளாகக் கூடும். மழை பொய்த்த ஆண்டில் செல்வது வீண். மார்கழியும் தையும் மிகச் சிறந்த மாதங்கள். பங்குனிக்குள் விருந்தினர் வடக்கே புறப்படத் தொடங்கிவிடுவர். காலையில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் கண்டு, பிற்பகலில் வேடந்தாங்கல் சேர்ந்தால், இரை தேடப் போயிருந்த பறவைகள் மாலையில் அணி அணியாய் மரங்களுக்குத் திரும்பும் காட்சியைக் காணலாம். இருகண் நோக்கி ஒன்றும், பறவைப் படநூல் ஒன்றும், குறிப்பேடு ஒன்றும் போதும். பளிச்சென்ற ஆடை வேண்டா. உரத்த பேச்சும் வேண்டா.

இக்கடைசி விதியை நான் கற்ற விதத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்லூரி மாணவனாக இருந்தபோது நண்பர்களுடன் அவ்வேரிக் கரையில் நின்றேன். பறவைகள் ஒருசேர எழுவதைக் காணும் ஆவலால் கைகளை ஓங்கித் தட்டினேன். மரம் ஒன்றிலிருந்து நாரைகள் படபடவென எழுந்தன. நாங்கள் ஆரவாரித்தோம். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, கூட்டிலே குஞ்சு இருக்குது, தாய் எழுந்தா காக்கா வந்திடும்” என்று மட்டும் கூறி, அம்மரத்தைச் சுட்டிக் காட்டினார். நான் பார்த்தேன். காகம் ஒன்று முன்னரே வந்து அமர்ந்திருந்தது. துப்பாக்கியால் அழிப்பதற்கும், வேடிக்கை பார்க்கும் ஆசையால் அழிப்பதற்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு என்பதை அன்று உணர்ந்தேன்.

வேட்டைத் துப்பாக்கி இன்று பேரளவில் ஒழிந்துவிட்டது. நீர் பற்றிய கவலையோ ஒழியவில்லை. எங்கள் பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. வரத்துக்கால்கள் தூர்ந்தால் ஏரி நிறையாது. ஏரி நிறையாவிடில், சைபீரியாவிலிருந்து புறப்பட்ட பறவைக்கு இங்கே இடமில்லை. ஆறாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் உயிருக்கு வழியில் ஒரே ஒரு நீர்நிலை வற்றிப்போவதும் உயிர்ப் பிரச்சினையே. வடதுருவக் காட்டைக் காப்பது அந்நாட்டாரின் கடமை மட்டுமன்று; அதில் ஒரு பங்கு உத்திரமேரூர் வட்டத்து ஏரிகளைக் காக்கும் நம்மிடமும் உள்ளது.

ஆதலால், இளைஞர்களே, வடதிசைப் பயணத்திற்குத் திட்டமிடுங்கள். வாய்ப்புக் கிட்டும்போது சென்றும் வாருங்கள். ஆனால் அதற்குமுன் ஒரு மார்கழி மாலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஓசையின்றி நின்று பழகுங்கள். பின்னொரு நாள் துருவத்துப் பெருவெளியில் கொசு உள்ளானின் கூட்டருகே நிற்க நேர்ந்தால், எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும் என்பதை உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிராது. அப்பறவை உங்களுக்குப் புதியதாகவும் இராது. உங்கள் ஊரில் தங்கிச் சென்ற விருந்தினராகவே அதனை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.